சுருளி போட்ட மலைகள்

கால் ஒடியும்வரை சுருளி லாரி டிரைவர். சேடபட்டிப் பக்கத்துப் பருத்தியை ஏற்றிக்கொண்டு மங்களூர், கார்வார் என்று மேற்குக் கடற்கரை பூராவும் ஓட்டியவன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் விழுந்த அடி. எலும்பு கூடிவிட்டது, ஆனால் கிளட்ச்சை மிதிக்கிற தெம்பு இடது காலுக்குத் திரும்பவில்லை. மதுரை சிம்மக்கல்லில் நிற்கும் லாரிகளுக்கு நம்பர் எழுதிக்கொடுத்துப் பிழைக்க ஆரம்பித்தான். மிச்சமான பெயிண்டில், யாரும் கேட்காமலே, லாரிப் பலகையில் ஒரு மலையும் கடலும் போட்டுவிடுவான்.

கார்வார் பக்கம் மலை நேராகக் கடலுக்குள் இறங்கும். காடும் கூடவே அலை வரைக்கும் வந்து நிற்கும். வெட்டவெளிக் கரிசலில் பிறந்த சுருளிக்கு அதை முதலில் பார்த்தபோது, பந்தி முடிந்து சொந்தபந்தமெல்லாம் கைகழுவ இறங்குவது போலிருந்தது. அப்படியேதான் அவன் போட்டான். ஒரு மலை இடுப்பில் கைவைத்து நிற்கும். இன்னொன்று கொண்டையைச் சாய்த்துப் பக்கத்து மலையிடம் ஏதோ புரணி பேசும். மரங்கள் பணியாரம் மாதிரி உருண்டை உருண்டையாக இருக்கும். கடல் முழுக்கச் சுங்குடிச் சேலைப் புள்ளி.

கோரிப்பாளையத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த காதர் பாய், பின்னால் தொங்கவிட ஒரு படுதா எழுதித் தரச் சொன்னார். சுருளி கொண்டுபோய் விரித்ததும் அவர் முகம் சுருங்கியது.

"மலையும் கடலும் கேட்டேன் சுருளி. நீ என்னப்பா கல்யாண வீட்டை வரைஞ்சு கொண்டாந்திருக்க?"

"மலைதான் பாய். நல்லாப் பாருங்க."

"நல்லாப் பாத்துட்டுத்தான் கேக்குறேன்."

படுதா சுருட்டப்பட்டு மூலைக்குப் போனது. தூண்களும் மாடிப்படியும் எழுதிய பழைய படுதாவே மறுபடி தொங்கியது. ஐப்பசி மழையில் ஓடு ஒழுகி அந்தத் தூண்கள் கரைந்து வழிந்த பிறகுதான் சுருளியின் மலைகளுக்கு வெளிச்சம் கிடைத்தது.

அன்றைக்கு அவனும் அங்கேதான் இருந்தான், தூண்களைத் திருத்திக் கொடுக்க முடியுமா என்று பார்ப்பதற்காக. செக்கானூரணிப் பக்கமிருந்து மொக்கையன் என்பவர் மகள் சீனியம்மாளைக் கூட்டி வந்திருந்தார். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப போட்டோ வேண்டும். கேமராவைக் கண்டாலே விறைத்துப்போகும் பெண். ஏற்கெனவே வேறு ஸ்டுடியோக்களில் எடுத்த படங்களில் போலீஸில் பிடித்துவைத்தவள் மாதிரி இருந்தாளாம். ஸ்டூலில் உட்காரப் போனவள் படுதாவைத் திரும்பிப் பார்த்தாள். "யப்பே, அந்த மலையப் பாரேன். நம்ம மாயக்கா அத்தை சண்டைக்கு நிக்கிற மாதிரியே இருக்கு!" என்று வாய்விட்டுச் சிரித்தாள். காதர் பாய் விடவில்லை. பட்டனை அமுக்கிவிட்டார்.

"பொண்ணு பாக்குற போட்டோல பல்லுத் தெரியலாமா பாய்?" என்று மொக்கையன் பதறினார். இன்னொன்று எடுத்தார்கள். அதில் பழையபடி கல்லாக உட்கார்ந்திருந்தாள். வேறு வழியில்லாமல் சிரித்த படமே போனது.

மாப்பிள்ளை தவசிக்கு ரயில்வேயில் வேலை. கல்யாணம் முடிந்து ஜோடியாகப் படம் எடுக்க வந்தபோது சுருளியும் ஸ்டுடியோவில் இருந்தான். அவனிடம் தவசி கேட்ட முதல் கேள்வி, "இந்த மலை எங்கண்ணே இருக்கு?"

சுருளி பெருமையோடு கார்வாருக்கு வழி சொன்னான். தவசி சும்மா இருக்கிற ஆளா? பாஸ் போட்டு மங்களூர் வரை ரயிலிலும் அதற்கு மேல் பஸ்ஸிலுமாகப் பெண்டாட்டியைக் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"அண்ணே, மலை இருக்கு, கடலும் இருக்கு. ஆனா நீங்க போட்டதுல ஒண்ணக்கூடக் காணோமே!"

விளையாட்டாகத்தான் சொன்னான். சுருளிக்குச் சோறு இறங்கவில்லை. தான் பார்த்ததே பொய்யோ? "ஒரு எட்டுப் போயிப் பாத்துட்டு வருவமா?" என்று பெண்டாட்டி அழகம்மாளைக் கேட்டான். லாரியில் உட்கார்ந்து ஊர் பார்க்க அவளுக்கு எத்தனையோ நாள் ஆசை. பழைய கூட்டாளி பேயாண்டியின் லாரியில் இரண்டு பேரும் ஏறினார்கள்.

கார்வார் கரையில் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, இந்தத் தடவை உள்ளது உள்ளபடி போடுவது என்று சுருளி உட்கார்ந்தான். கோடு நேராகத்தான் கிளம்பியது. பாதிக்கு வந்ததும் மலை இடுப்பில் கைவைத்துக்கொண்டது. அழித்துவிட்டுத் திரும்பப் போட்டான். இப்போது தலையையும் சாய்த்துக்கொண்டது.

"அங்க இருக்கிறது ஒண்ணு, நீங்க போடுறது ஒண்ணால்ல இருக்கு?" என்றாள் அழகம்மாள்.

"என்ன செய்யச் சொல்ற? அது அப்படித்தான் நிக்கிது."

மீன்கூடையோடு போன ஒருத்தி எட்டிப் பார்த்தாள். அவள் பாஷை இவர்களுக்குத் தெரியாது. அட்டையையும் மலைகளையும் மாறி மாறிப் பார்த்தவள் கூடையை இறக்கிவைத்தாள். வரைந்திருந்த மலையைத் தொட்டுக் காட்டி, எதிரே தெற்கோரமாக நின்ற மலையை நோக்கிச் சரியாகக் கைநீட்டினாள். பிறகு அந்த மலை மாதிரியே இடுப்பில் கைவைத்து, தலையைச் சாய்த்து நின்று காட்டினாள். அழகம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சுருளி மலையைப் பார்த்தான், கூடைக்காரியைப் பார்த்தான்.

"பாஷை தெரியாதவளுக்கே வெளங்குது. இனிமே யார் என்ன சொன்னாலும் உங்க இஷ்டத்துக்குப் போடுங்க" என்றாள் அழகம்மாள்.

அதற்குள் கூடைக்காரி குரல் கொடுத்து இன்னும் நாலைந்து பெண்களைக் கூப்பிட்டுவிட்டாள். ஒருத்தி தன் வீட்டைக் காட்டினாள், ஒருத்தி தன் நாயை. எல்லாவற்றுக்கும் அட்டையில் இடம் வேண்டுமாம். சுருளி நாயை மரத்தைவிடப் பெரிதாகப் போட்டான். நாய்க்காரி கைதட்டினாள்.

ரோட்டில் பேயாண்டி ஹாரன் அடித்துப் பார்த்தான். யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் லாரியை ஓரங்கட்டிவிட்டு அவனும் மணலில் இறங்கி வந்தான்.

"யோவ் சுருளி, மதுரைக்கு வாரியா, இங்கனயே குடியிருக்கப் போறியா?"

"செத்த இருடா, வாரேன்" என்றான் சுருளி, தலையைத் தூக்காமலே. "கடலுக்கு இன்னும் புள்ளி வைக்கல."