யார் சொன்னது, யாரிடம் சொன்னது

மாமி இருந்தார். வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். நாத்தனார் இருந்தாள், அவருடைய கடைசி மகள். என் மகள் இருந்தாள், மூன்று வயது, பாயில் தூங்கினாள். நான் இருந்தேன். என் வீட்டுக்காரர் பினாங்கில் இருந்தார். அப்படித்தான் நினைத்திருந்தோம்.

காரைக்குடியில் எங்கள் வீடு. வருஷம் எழுபத்திரண்டு, மாசி முடியும் சமயம். பகல்.

நாத்தனார் பி.யு.சி. படித்தாள். எங்கள் தெருவில் காலேஜுக்குப் போன முதல் பெண். அண்ணன் பினாங்கில் மளிகைக் கடையில் நின்று படிக்கவைத்தார். தமிழ்ப் பரீட்சைக்கு ஒரு நாவல் உண்டு. அதிலிருந்து ஒரு வரியைக் கொடுத்து இடஞ்சுட்டி விளக்கச் சொல்வார்களாம். யார் சொன்னது, யாரிடம், எந்த நேரத்தில், அதில் உள்ள கருத்து என்ன. நான் ஐந்தாவதோடு நின்றவள். ஆனால் எழுத்துக் கூட்டாமல் வாசிப்பேன். அதனால் புத்தகம் என் கையில். பென்சில் கோடு போட்ட வரியை நான் வாசிப்பேன், அவள் பார்க்காமல் இடம் சொல்வாள்.

ஏழெட்டு வரி சரியாகப் போயிற்று. மாமி நடுவில் புகுந்தார். "சொன்னவன் சொல்லிட்டுப் போயிட்டான். யாரு சொன்னா உனக்கென்னடி?"

"அதுக்குத்தாம்மா அஞ்சு மார்க்கு."

அடுத்த வரியை வாசித்தேன். 'நீ விளக்கேற்றும் நேரத்தில் நான் கடலைப் பார்த்து நிற்கிறேன். இடையில் இருப்பது தண்ணீர்தான், வேறொன்றும் இல்லை.'

அந்த வரி எனக்கு மனப்பாடம். ஹஜ்ஜுப் பெருநாள் சமயத்தில் வந்த நீலக் கடிதத்தில் இருந்தது. வீட்டுக்காரரின் கடிதங்களை மாமிக்கு நான்தான் வாசித்துக் காட்டுவேன். அந்த வரியை மட்டும் வெட்கப்பட்டு விட்டுவிட்டேன். நடுவில் எதையோ முழுங்குகிறாள் என்று மாமி அன்று கேலி செய்தார்.

நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டு பரீட்சைக் குரலில் சொன்னாள். இது தம்பி தாயிடம் சொன்னது. அண்ணன் படகோடு கடலில் போய்விட்டான். எழுத்தறியாத தாய்க்கு அது தெரியாது. அண்ணன் கடிதம் என்று தம்பி தானாகக் கட்டி வாசிக்கும் இடம். கருத்து, அன்பினால் சொல்லும் பொய்.

"சரியா மச்சி?"

சரி என்றேன். அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

என் வீட்டுக்காரருக்கு எழுதத் தெரியாது. அது எல்லோருக்கும் தெரிந்தது. கூடத் தங்கியிருந்த கீழச்சிவல்பட்டிக்காரர்தான் அந்தக் கடையில் எல்லோருக்கும் எழுதுவார். இவர்கள் சொல்லச் சொல்ல அவர் எழுதுவார். முன்பு ஒரு கடிதத்தில், இதை எழுதுகிறவருக்குக் கதைப் புத்தகப் பைத்தியம், விளக்கை அணைக்க மாட்டேன் என்கிறார், இதையும் எழுதச் சொல்லிவிட்டேன் என்று இருந்தது. சிரித்தோம்.

மறுநாள் மாமி கண்ணயர்ந்ததும் தகரப் பெட்டியிலிருந்து கடிதங்களை எடுத்துத் தேதிப்படி அடுக்கினேன். நாத்தனாரிடம் அந்த வரி இருந்த கடிதத்தைக் கொடுத்து, இதற்கு இடம் சொல் என்றேன். வாசித்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

எல்லாக் கடிதத்தையும் பரீட்சைக்குப் பார்ப்பதுபோல் பார்த்தோம். வரிக்கு வரி, யார் சொன்னது என்று. பழைய கடிதங்களில் ஆடு குட்டி போட்டதா, கிணற்றுக் கயிறு மாற்றினாயா, அம்மாவுக்கு முழங்கால் எப்படி, பிள்ளை பேசுகிறாளா என்று இருந்தது. கார்த்திகையில் நோன்புப் பெருநாள். அதற்குப் பிறகு வந்தவை ஆறு. ஆறிலும் ஒரு கேள்விகூட இல்லை. எழுத்து அதே எழுத்து. கேட்கிற ஆள் இல்லை.

"இது அண்ணன் சொன்னதில்ல மச்சி" என்றாள். பிறகு, "அம்மாட்ட இப்பச் சொல்லாதீக."

அந்த ஆறுக்கும் நான் பதில் போட்டிருந்தேன். ஆட்டை விற்றதை எழுதினேன். என்னைப் பற்றிக் கேட்பதே இல்லை என்று ஒன்றில் கோபித்துக்கொண்டேன். அதையெல்லாம் யார் வாசித்தார்?

அதற்குப் பின் குடத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் அந்த வரி வரும். ஆண் குரலில் வரும். அவர் குரலா என்று நின்று கேட்பேன். தெரியவில்லை. அவர் குரல் எப்படி இருக்கும் என்பதே கலைந்துபோனது.

நானே ஒரு ஏர்மெயில் தாள் வாங்கி எழுதினேன். ஒரே கேள்வி. பிள்ளை பிறந்த அன்று நீங்கள் எனக்கு என்ன வாங்கிவந்தீர்கள்? அதை அவரும் நானும் தவிர யாரும் அறியார்.

பதில் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் நாத்தனார் பரீட்சை எழுதிவிட்டாள். அந்த வரி வந்ததா என்று நான் கேட்கவில்லை.

சித்திரையில் பதில் வந்தது.

'தங்கச்சி, எனக்குத் தெரியாது. கேட்டுச் சொல்ல அவர் இல்லை. நோன்புப் பெருநாளுக்கு மூன்றாம் நாள் காய்ச்சலில் போய்விட்டார். தங்கை பரீட்சை எழுதும்வரை வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். அவர்போல் பேச எனக்கு வரவில்லை. புத்தகத்தைப் பார்த்து எழுதினேன்.'

மாதாமாதம் வந்த பணமும் அந்தக் கீழச்சிவல்பட்டிக்காரரின் சம்பளம்தான் என்று பிறகு தெரிந்தது.

மாமிக்கு வாசித்துக் காட்டினேன். எதையும் விடவில்லை. மாமி வெற்றிலை இடிக்கும் உலக்கையைக் கீழே வைத்தார்.

புருஷன் இறந்தால் எங்களில் பெண் நான்கு மாதம் பத்து நாள் வெளியே இறங்காமல், பூவும் பகட்டும் இல்லாமல் இருக்க வேண்டும். இத்தா என்போம். பள்ளிவாசல் ஹஜரத் வந்தார். நான் திரைக்கு உள்ளே இருந்தேன். வீட்டுக்காரர் இறந்த தேதி கேட்டார். விரல் விட்டு எண்ணினார்.

"மவுத்தான நாள்லேருந்துதான் தவணை. அது முடிஞ்சுபோச்சும்மா. இனி உனக்கு இத்தா இல்லை."

தவணை ஓடிய அந்த நாட்களில் நான் ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பச்சைச் சேலை கட்டினேன். தலை நிறைய மல்லிகை வைத்தேன். ஒரு கல்யாணத்துக்குச் சிவகங்கை போய்ச் சிரித்துப் பேசிவிட்டு வந்தேன். திரைக்குள்ளிருந்து அதைச் சொன்னேன். அறியாமல் செய்தது குற்றமில்லை என்றார். அவர் சொன்னது மார்க்கச் சட்டம். நான் மறுக்கவில்லை.

ஹஜரத் போனதும் வெள்ளைச் சேலை எடுத்தேன்.

"ஹஜரத்தே வேணாங்கிறாகளே, பிறகு எதுக்கு?" என்றார் மாமி.

"அவுகளுக்குன்னு யாரும் இத்தா இருக்கலையே மாமி."

மாமி தடுக்கவில்லை. நான் உள்ளறைக்குப் போனேன். நாத்தனார் சோற்றுத் தட்டை நிலைப்படியில் வைத்துவிட்டுப் போவாள். விடிந்ததும் சுவரில் ஒரு கரிக்கோடு போடுவேன்.

நூற்று முப்பது கோடு.