ரத்னாவின் கெளுத்திக் குட்டை

ஒரகடத்தை ஒட்டிய மாத்தூரில் ரத்னாவுக்கு வாயைவிடக் கை முந்தும் என்று எல்லோருக்கும் தெரியும். சுங்குவார்சத்திரம் பஸ்ஸில் இடுப்பைக் கிள்ளிய ஒருவனை அவள் செருப்பால் விளாசியதில் அவனுக்கு முன்பல் போய்விட்டது. புருஷன் கோபால் கல்குவாரி லாரி ஓட்டுகிறவன். அவளிடம் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை.

கோபாலின் பங்கு நிலத்தில், செங்கல் சூளைக்கு மண் எடுத்த பெரிய பள்ளம் ஒன்று, தாழ்ந்த கீழ் வயல் பக்கம் மண்கரை போட்டு அடைத்தபடி கிடந்தது. மழைத் தண்ணீர் நின்ற அந்தக் குட்டையில் ரத்னா கெளுத்தி வளர்த்தாள். கோழிக்கடைகளில் கழித்துப் போடும் குடலையும் தலையையும் வாளியில் வாங்கி வந்து, கரையில் நின்று வீசுவாள். வீசின இடத்தில் தண்ணீர் கொதிக்கும். மீசைகளும் வால்களும் ஒன்றை ஒன்று அறையும். ஒரு குடலை இரண்டு மீன் இரு முனையில் கவ்வி இழுத்து அறுக்கும். அதைப் பார்க்க அவளுக்கு அத்தனை பிடிக்கும். "என் புள்ளைங்க பசியப் பாரு" என்பாள் கோபாலிடம்.

1991 சித்திரை வெயிலில் குட்டை பாதியாகச் சுண்டியது. தண்ணீர் கரும்பச்சையாகக் கெட்டிப்பட்டது. ஒரு நாள் அவள் வீசிய குடல் அப்படியே மிதந்தது. மீன்கள் மேலே வந்து, வாயைத் திறந்து காற்றைக் குடித்துவிட்டுத் தீனியைத் தொடாமல் உள்ளே போயின. மறுநாளும் அதே கதை. தின்ன வைத்தே தீருவது என்று அவள் இரண்டு வாளியாகக் கொட்டினாள். அதற்கும் அசையவில்லை.

பிறகு செத்து மிதக்கத் தொடங்கின. மற்ற மீன் கடித்ததோ அழுகிப்போனதோ, சிறியவற்றில் பலவற்றுக்கு வாலைக் காணோம், கண்ணைக் காணோம். செத்த மீன் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ரத்னா நிமிர்ந்தபோது, பக்கத்துக் கத்திரித் தோட்டத்தில் அதன் சொந்தக்காரர் மண்ணாங்கட்டி, மருந்து தெளிக்கிற டப்பாவை முதுகில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். கோபாலின் பெரியப்பா மகன். வரப்பு விஷயத்தில் இரண்டு வீட்டுக்கும் போன வருஷமே பேச்சு முறிந்திருந்தது. அவர் தோட்டத்து வாய்க்கால் வந்து முடிவது அவளுடைய குட்டையில்தான்.

"யோவ், குட்டையில மருந்து ஊத்தினியா நீ?"

"இன்னாம்மே, மரியாதையாப் பேசு. உன் மீன் செத்தா நான் இன்னா பண்ணுவேன்?"

"நீதான்யா ஊத்தின! வயித்தெரிச்சல் புடிச்சவனே!"

"போம்மே, பேஜார் பண்ணாத" என்று அவர் திரும்பினார். வரப்பில் கிடந்த மண்வெட்டியை ரத்னா எடுத்தாள். காம்பால் ஓங்கி விட்ட முதல் அடியில் தெளிப்பான் டப்பா பிளந்தது. இரண்டாவது அடியைத் தடுக்க அவர் கையை நீட்டினார். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அதற்குப் பிறகும் அவள் நிறுத்தவில்லை. மண்டை உடைந்து, கத்திரிச் செடிகளின் மேல் அவர் குப்புற விழுந்தபோதுதான் காம்பு அவள் கையைவிட்டு நழுவியது.

அவரை மாட்டுவண்டியில் ரோடு வரை கொண்டுவந்து, அங்கிருந்து வேனில் ஏற்றிக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அன்றைக்கு வெயில் சாய்வதற்குள் அவருடைய தம்பி தணிகாசலம் கடப்பாரையோடு வந்தான். கூடவே மாமன் மச்சான்கள். "எங்க அண்ணன் கைய ஒடிச்சவளுக்கு மீன் ஒரு கேடா!" என்று கத்திக்கொண்டே கரையை இடித்தார்கள். தடுக்கப் போன கோபாலின் தோளில் மண்வெட்டி இறங்கியது. அவன் சட்டை நனைந்து சிவந்தது.

கரை உடைந்தது. கறுப்புத் தண்ணீர் பீறிட்டுக் கீழ் வயலில் பாய்ந்தது. கெளுத்திகள் கும்பல் கும்பலாகச் சேற்றில் விழுந்து நெளிந்தன. ரத்னா அவற்றுக்கு நடுவே பாய்ந்து தணிகாசலத்தின் காலைப் பிடித்து இழுத்தாள். இருவரும் மீன்களின் மேலேயே உருண்டார்கள். கெளுத்தி முள் அவள் உள்ளங்கையில் ஏறி மறுபுறம் எட்டிப் பார்த்தது. தணிகாசலத்தின் தொடையில் இன்னொன்று. அவன் அலறிக்கொண்டே அவள் முகத்தில் குத்தினான். அவள் அவன் காதைக் கடித்தாள்.

சண்டை நின்றதற்குக் காரணம் நாற்றம். தண்ணீர் வடிய வடியக் குட்டையின் அடி தெரிந்தது. முழங்கால் ஆழத்துக்குக் கறுப்புக் குழம்பு. அதில் அழுகியும் அழுகாமலும் கோழித் தலைகள், குடல்கள், இறகுகள். கொப்புளம் கொப்புளமாகக் காற்று வெளியே வந்தது. கடப்பாரையோடு நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். ஒருவன் வாந்தி எடுத்தான்.

"த பாரு" என்றான் தணிகாசலம், மூச்சு வாங்க. "எங்க வாய்க்கால்ல தவள துள்ளிகினு கீது. மருந்து ஊத்தியிருந்தா அது முதல்ல செத்திருக்கும். நீ கொட்டினதுதான் உன் மீன கொன்னுருக்கு."

ரத்னா வாய்க்காலைப் பார்த்தாள். தவளைகள் குதித்துக்கொண்டுதான் இருந்தன. தின்னாத தீனி அழுகி, தண்ணீரைக் கெடுத்து, கெட்ட தண்ணீரில் மீன் இன்னும் தின்னாமல் போய், அதன் மேலேயும் அவள் கொட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்தாள்.

மறுநாள் கட்டுப்போட்ட கையோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். வாசலிலேயே மண்ணாங்கட்டியின் மனைவி மஞ்சுளா அவள் கன்னத்தில் அறைந்தாள். மீண்டும் அறைந்தாள். ரத்னாவின் கை எழவே இல்லை. "அவருக்கு இனிமே ஏர் புடிக்க வராதுடி" என்று மஞ்சுளா சொல்லி அழுதபோது, அடி வாங்கியதைவிட அதுதான் அவளுக்கு வலித்தது.

கரையை உடைத்த கூட்டத்தின் மேல் புகார் கொடுக்கச் சொல்லிக் கோபால் கெஞ்சினான். அவள் கொடுக்கவில்லை. அவள்மேல் போட்ட கேஸ் ஸ்ரீபெரும்புதூர் கோர்ட்டுக்கு வந்தது. வரப்பில் கால் தடுக்கி அவராகவே விழுந்தார் என்று சொல்லும்படி வக்கீல் சொல்லிக்கொடுத்திருந்தார். கூண்டில் ஏறியதும் அவள், "நான்தாங்க அடிச்சேன். அவரு ஒண்ணும் பண்ணல" என்றாள். வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். கடைசி வரிசையில் முடமான கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த மண்ணாங்கட்டி முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தார்.

வேலூர் ஜெயிலில் சில மாதம் இருந்துவிட்டு வந்தாள். கோபால் அதற்குள் குட்டையின் சேற்றை வாரி வெளியே போட்டு, சுண்ணாம்பு தூவிக் காயவைத்து, ஐப்பசி மழையில் நிரப்பி, சேற்றிலிருந்து பொறுக்கித் தொட்டியில் பிழைக்க வைத்திருந்த கெளுத்திகளைத் திரும்ப விட்டிருந்தான். தெளிந்த தண்ணீரில் அவற்றுக்குப் பசி திரும்பியிருந்தது. தீனி போய்ச் சேர்வதற்குள் பெரியவை சிறியவற்றைக் கவ்வி விழுங்கின.

ரத்னா இப்போது ஒரு பிடிதான் வீசுவாள். அது தீர்ந்த பிறகே அடுத்த பிடி. மீன் மேலே வந்து காற்றை மட்டும் குடித்துவிட்டுப் போனால் வாளியை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள்.

மண்ணாங்கட்டியின் தோட்டத்துக்கு மருந்தடிக்கிற வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு அவள் பாத்தி பாத்தியாக நடக்கும்போது, வரப்பில் உட்கார்ந்திருக்கும் அவர், "காத்து எதிர்ல அடிக்குது, அந்தாண்ட திரும்பி அடி" என்பார். அவள் திரும்பிக்கொள்வாள்.