பாலேஸ்வரி கேட்டு வந்த மூன்று விலை

என் தங்கை பாலேஸ்வரி ஒரு பிடி கீரை வாங்குவதென்றாலும் மூன்று இடத்தில் விலை கேட்பாள். கொக்குவில் சந்தியில் மரக்கறி விற்கிறவர்கள் அவளைத் தூரத்தில் கண்டதுமே, "விசாரணைக் கொமிசன் வருகுது, தராசைத் துடையுங்கோ" என்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே தராசை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வாங்குவாள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். சந்திக்குப் பக்கத்தில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். எழுத்துத்தான் எனக்குக் கொஞ்சம் வடிவு. அவள் 1985இல் செய்த காரியத்தை நாள் பிசகாமல் எழுதிவைக்க என்னைவிட்டால் ஆளில்லை.

ஆவணி 12, திங்கட்கிழமை. தபாற்காரர் ஒரு மண்ணிற உறை கொண்டுவந்தார். கிளிநொச்சித் தையற் பயிற்சி நிலையத்தில் பாலேஸ்வரிக்கு ஆசிரியை வேலை! மூன்றாம் தடவை நேர்முகப் பரீட்சைக்குப் போய்க் கிடைத்தது. புரட்டாதி 2ஆம் திகதி காலை எட்டு மணிக்கு அங்கே நின்று இடாப்பில், அதாவது பெயர்ப் பதிவேட்டில், கையெழுத்து வைக்கவேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். கார்த்திகையில் அவளுக்கு முப்பது வயது முடிகிறது. அதன்பிறகு விண்ணப்பம் போடவே வழியில்லை.

அவள் கடிதத்தை இரண்டுதரம் வாசித்தாள். முகமெல்லாம் பூரித்துப் போயிற்று. பிறகு கட்டிலில் கிடந்த ஐயாவைப் பார்த்தாள். பூரிப்பு வடிந்தது.

எங்களைப் பெற்ற ஐயா நமசிவாயம் பருத்தித்துறைப் பக்கத்து ஆள். கடலில் தோணி ஓட்டியவர். பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தபின் கொக்குவிலில் எங்களோடு இருந்தார். அம்மா இல்லை, எனக்குக் கலியாணமும் ஆகவில்லை. நான் காலையில் கடைக்குப் போனால் இரவில்தான் வீடு. மூன்று வருடமாக ஐயாவைத் தூக்கியிருத்தி, கழுவி, சாப்பாடு தீத்தி, படுக்கைப்புண் வராமல் திருப்பிப் படுக்கவைத்தது பாலேஸ்வரி ஒருத்திதான்.

"என்ன பிள்ளை, கடுதாசி?" என்றார் ஐயா.

"வேலை ஐயா. கிளிநொச்சியிலை."

"அப்ப போவன்."

"உங்களை ஆர் பாக்கிறது?"

"காசு குடுத்துப் பாக்கிற இடங்கள் இருக்குத்தானே? நான் எத்தினை பேரின்ரை சாமானைப் பத்திரமாக் கொண்டுபோய் இறக்கினனான். என்னையும் ஒரு சாமானா எழுதி எங்கையேன் ஏத்திவிடு. நனைய விடாதையுங்கோ எண்டு மட்டும் சொல்லு."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அன்று பின்னேரமே இடம் தேடும் வேலை தொடங்கிவிட்டது. அவளுடைய சம்பளத்திலும் என் கடையிலும் சேர்த்து மாதம் ஐந்நூற்றைம்பது ரூபா எடுக்கலாம். அதற்கு மேல் ஒரு சதமும் முடியாது.

சண்டை ஓய்ந்திருந்த மாதம் அது. பஸ் ஓடியது, சைக்கிளிலும் பயமில்லாமல் போகலாம். பத்து நாளில் மூன்று இடம் பார்த்தாள். போன இடமெல்லாம் ஒரே கேள்விகள்: ஆள் பார்க்க எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, உடுப்புத் தோய்க்க எவ்வளவு, மருந்து யார் பொறுப்பு. கேட்டுக்கொண்டே அங்கே இருக்கும் வயோதிபர்களின் கால் நகத்தைப் பார்ப்பாள்.

"வாயாலை எல்லாரும் நல்லாப் பாக்கிறம் எண்டுதான் சொல்லுவினம் அண்ணை. நகம் பொய் சொல்லாது."

உரும்பிராயில் இராசாத்தி என்ற அம்மா தன் வீட்டிலேயே மூன்று பேரைப் பராமரித்தார். மாதம் நானூற்றெண்பது என்றார். உடுப்பு, சவர்க்காரம், மருந்து எல்லாம் புறம்பு. கூட்டினால் ஐந்நூற்றெழுபத்தைந்து. தூக்குவதற்கு ஆண் துணையும் இல்லை. மானிப்பாயில் ஒரு சபை நடத்திய இல்லம் நானூறுதான் கேட்டது. ஆனால் தானாக எழும்பிக் கிணற்றடிக்குப் போகக்கூடியவர்களை மட்டும்தான் எடுப்பார்களாம்.

மூன்றாவது, கரையோரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய இல்லம். அதற்கு நானும் போனேன். வெளிச்சமான மண்டபம், சுவரோரம் பிடித்து நடக்கக் கம்பி, ஒருவர் விடாமல் வெட்டிய நகம். தூக்கி இருத்த லியோன் என்று ஆறடி ஆள். யசிந்தா சிஸ்டர் படிவம் ஒன்று தந்தார். நான்தான் என் வடிவான எழுத்தில் நிரப்பினேன். அடுத்த நாள் போய்க் கேட்டபோது, மாதம் அறுநூற்றுத் தொண்ணூறு என்று எழுதித் தந்தார்கள். ஆண்கள் மண்டபத்தில் ஒரேயொரு கட்டில்தான் மிச்சம். அதையும் புதன் மத்தியானம் வரைதான் வைத்திருப்பார்கள். நவாலியில் ஒரு குடும்பம் காத்திருக்கிறதாம்.

செவ்வாய்க்கிழமை நான் மனம் விட்டுவிட்டேன். பாலேஸ்வரி விடவில்லை. மூன்று இடத்துக் கணக்கையும் ஒரு தாளில் பக்கம்பக்கமாக எழுதி வைத்துக்கொண்டு இருந்தவள் திடீரென்று நிமிர்ந்தாள்.

"அண்ணை, இஞ்சை பாருங்கோ. ஆள் பாக்கிறதுக்கு, உடுப்பு, மருந்தோடை சிஸ்டரவை முந்நூற்று முப்பதுதான். எல்லாரிலும் மலிவு. சாப்பாட்டுக்குத்தான் முந்நூற்றறுபது! இராசாத்தி அம்மா இருநூற்றுப் பத்து. கடற்கரையிலை இருந்துகொண்டு சாப்பாடு ஏன் இவ்வளவு விலை?"

"விலை விலைதானே தங்கச்சி."

"இல்லை. இதுக்கை என்னவோ இருக்கு."

புதன் காலை, ஆவணி 28. கடையைப் பூட்டிவிட்டு அவளைச் சைக்கிளில் ஏற்றி மிதித்தேன். பாதிவழியில் செயின் கழன்றது. சைக்கிள் திருத்துகிறவனின் சைக்கிள்! "ஊருக்கெல்லாம் திருத்துங்கோ" என்று பின்னாலிருந்து குத்தினாள். போய்ச் சேரப் பதினொன்றே கால்.

"சிஸ்டர், சாப்பாட்டுக்கு என்னெண்டு முந்நூற்றறுபது வருகுது?"

யசிந்தா சிஸ்டர் படிவத்தை எடுத்துப் பார்த்தார். "சைவம் எண்டு எழுதியிருக்கு, பிள்ளை. அதுக்குத் தனி அடுப்பு, தனிச் சட்டி, சமைக்கிற அம்மாவும் வெளியிலையிருந்து வாறா. இப்ப ரெண்டுபேர்தான் சைவச் சாப்பாடு. அந்தச் செலவை அவையளுக்குள்ளைதானே பிரிக்கவேணும்?"

"ஐயா மீன் இல்லாட்டிச் சோத்திலை கைவைக்கமாட்டார், சிஸ்டர்!"

"அப்ப ஏன் சைவம் எண்டு எழுதினனீங்கள்?"

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஏழாம் கேள்வி 'சைவமா?' என்று இருந்தது. வேதக்காரரின் இடத்தில் எங்கள் சமயத்தை மறைக்கக்கூடாது என்று நினைத்து, 'ஆம். பரம்பரைச் சைவம்' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன்.

"சமயத்தை எல்லோ கேக்கினம் எண்டு நினைச்சன்," என்றேன்.

சிஸ்டருக்குச் சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது. "தம்பி, சமயம் மூண்டாம் கேள்வி. அதிலையும் சைவம் எண்டுதான் எழுதியிருக்கிறீர். இது சாப்பாடு! சைவக்கடை எண்டு போட்டிருந்தா உள்ளுக்கை போய்த் தேவாரமோ கேப்பீர்?"

வாசலில் நின்ற லியோன், "நல்ல காலம் அக்கா. கடலோடின மனிசனுக்கு வருசக்கணக்கா வாழைக்காய்க் கறி போட்டிருப்பம். என்னை அடிச்சே கொன்றிருப்பார்," என்றான்.

மீன் சாப்பிடுகிறவர்களுக்குச் சாப்பாடு இருநூறு. மொத்தம் ஐந்நூற்று முப்பது! சொன்னதும் பாலேஸ்வரி என் கையை நகம் பதிய இறுக்கிப் பிடித்தாள். சிஸ்டர் பேனையை நீட்டினார். அவள் என் வரியை வெட்டவில்லை. பக்கத்தில் எழுதினாள்: 'மீன் சாப்பிடுவார். வெள்ளிக்கிழமை மட்டும் மரக்கறி.'

"வெள்ளிக்கு விலை ஏத்துவியளோ சிஸ்டர்?"

"போ பிள்ளை. வெள்ளிக்கிழமை பருப்பும் சோறும் எல்லாருக்கும் உண்டு. கட்டில் உங்களுக்கு."

சனிக்கிழமை வாடகைக் காரில் ஐயாவைக் கொண்டுபோனோம். லியோன் அவரை ஒரே தூக்கில் கட்டிலில் இருத்தினான். மத்தியானம் பாரைமீன் குழம்பு. ஐயா இடக்கையால் தானே பிசைந்து சாப்பிட்டார். பிறகு பாலேஸ்வரியைப் பார்த்து, "நீ இன்னும் வெளிக்கிடேல்லையே?" என்று அதட்டினார்.

ஞாயிறு காலை நான் அவளோடு பஸ்ஸில் கிளிநொச்சிக்குப் போனேன். அன்றிரவு தெரிந்தவர் ஒருவர் வீட்டில் தங்கினோம். திங்கள் காலை எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அந்த நிலையத்தின் அலுவலகத்தில் இடாப்பை அவள் முன் திறந்து வைத்தார்கள். வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். அதில் பதினொரு பெயர்கள் இருந்தன. பன்னிரண்டாவதாக 'ந. பாலேஸ்வரி, ஆசிரியை' என்று எழுதினாள் என் தங்கை.