இரண்டு தட்டினால் நலம்

நம்பச் சொல்லி யாரையும் கேட்கப்போவதில்லை. ஆனால் இது நடந்தது. அன்று நான் போட்டிருந்த நீல மழைக்கோட்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. தூக்கிப் போடக் கை வரவில்லை.

நானும் என் தங்கை கணவனும் ஒரே தாவரவியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தோம். மழைக்காட்டு மரங்களில் தோல் படை போல ஒட்டிப் படரும் லைக்கன்களை, அதாவது பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வளரும் உயிர்களை, சேகரிப்பது எங்கள் பணி. உளி வைத்துத் தட்டிப் பட்டையோடு பெயர்த்தெடுப்போம். காகித உறையில் போட்டு, மேலே நேரத்தையும் எதிலிருந்து எடுத்தோம் என்பதையும் எழுதுவோம். உயிருள்ள மரம், பட்ட மரம், பாறை... இப்படி.

பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாத காடு அது. கத்தினாலும் குரல் போய்ச் சேராது. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சுத்தியலால் மரத்தில் தட்ட வேண்டும். இரண்டு தட்டினால் நலம். மூன்று தட்டினால் உடனே வா.

அன்று கிளம்பும்போது தங்கை சொன்னாள், "அண்ணா, இவர் மேடு பள்ளம் பாக்காம நடப்பார். முழுசா கூட்டிட்டு வா."

"நான் என்ன பார்சலா?" என்று சிரித்தான் அவன்.

பிற்பகல் 2.30. மூடுபனி இறங்கியது. இரண்டு தட்டினேன். அவனும் இரண்டு தட்டினான்.

2.40.

டக்... டக்... டக்.

மூன்று. உளியைப் போட்டுவிட்டு எழுந்தேன். அதற்குள்...

டக்... டக்.

தப்பாகத் தட்டித் திருத்திக்கொண்டான் என்று நினைத்தேன். அரிய மஞ்சள் லைக்கன் ஒன்று பாதி பெயர்ந்த நிலையில் இருந்தது. மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

அப்படி உட்கார்ந்ததைத்தான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

2.50. இரண்டு தட்டு. சற்று அருகில்.

3.00. இன்னும் அருகில்.

3.10. நான் தட்டவே இல்லை. ஆனாலும் பதில் வந்தது... எனக்குப் பின்னால் இருந்த மரத்திலிருந்து.

"மாப்ள, விளையாடாத."

பறவைச் சத்தம்கூட நின்றிருந்தது.

முதுகில் ஏதோ அழுத்தியது. உளி முனை போல...

டக்.

திரும்பினேன்.

யாரும் இல்லை.

ஓடினேன்.

வனக்காவலர்கள் 5.15க்கு அவனைப் பள்ளத்தில் கண்டெடுத்தார்கள். கையில் சுத்தியல் இருந்தது. உடைந்த கைக்கடிகாரம் 2.38இல் நின்றிருந்தது.

"விழுந்த பிறகு அஞ்சு நிமிஷம் உயிர் இருந்திருக்கும். அதுக்கு மேல இல்ல" என்றார் மருத்துவர்.

மூன்று தட்டியது அவன்தான். அடுத்து இரண்டு தட்டியது யார்?

பத்து நாள் கழித்துத் தங்கை அவன் பையை நீட்டினாள். "ஆபீஸ் சாமான். எடுத்துட்டுப் போ."

உள்ளே பன்னிரண்டு உறைகள். கடைசி உறையிலும் அவன் கையெழுத்துதான்.

நேரம்: 3.10.

எதிலிருந்து எடுத்தது: உயிருள்ளது.

பிரித்தேன். சதுரமாக வெட்டிய நீலத் துண்டு ஒன்று.

வீட்டுக்குப் போய் மழைக்கோட்டைத் திருப்பிப் பார்த்தேன். முதுகில், அதே அளவுக்கு, ஒரு சதுர ஓட்டை இருந்தது.