ஏழு பேர் போனில் வந்த கூட்டம்

எங்கள் சங்கத்தில் ஒரு விதி உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு பொதுக்கூட்டம். தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராதவர் பேரை நோட்டிலிருந்து அடித்துவிடுவார்கள். நான் இரண்டுக்குப் போகவில்லை.

வீட்டு வேலை செய்யும் பெண்களின் சங்கம் அது. தேவராஜ மொஹல்லாவில் ஒரு தையல் வகுப்பின் மாடி அறையில், ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் கூடுவோம். தமிழும் கன்னடமும் கலந்து பேச்சு ஓடும். முதலில் ஒவ்வொருவராக எழுந்து அவரவர் பேரை அவரவரே சொல்ல வேண்டும். யாரும் கூப்பிட மாட்டார்கள். சொன்னால்தான் வந்த கணக்கு.

முன்பு நான் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தேன். அப்போது ஒரு கூட்டமும் தவறியதில்லை. பிறகு சரஸ்வதிபுரத்தில் ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை வந்தது. பக்கவாதம். படுத்த படுக்கை. அங்கேயே தங்க வேண்டும். தூக்கி உட்காரவைக்க, துடைக்க, ஊட்ட, திருப்பிப் போட நான் ஒருத்திதான். கடைக்குப் போனால் பத்து நிமிஷத்தில் திரும்ப வேண்டும்.

பேரை அடித்தால் என்ன போய்விடும் என்று கேட்கலாம். எனக்குப் போகும். முன்பு வேலை செய்த வீடு ஒன்றில் சங்கிலி காணோம் என்று என்னை நிற்கவைத்தார்கள். போலீஸைக் கூப்பிடப்போவதாகச் சொன்னார்கள். சங்கத்திலிருந்து நாலு பேர் வந்து கேட்டுக்கு வெளியே நின்றார்கள். சத்தம் போடவில்லை. நின்றார்கள், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் சங்கிலி குளியலறை ஜன்னலில் கிடைத்தது. மெம்பர் இல்லாதவளுக்கு அந்த நாலு பேர் வர மாட்டார்கள். அதுவும் விதி.

பெரியவரின் மகன் வெளிநாட்டில் இருக்கிறார். மகள் டெல்லியில். தினமும் சாயங்காலம் இருவரும் வீடியோவில் வருவார்கள். மூன்று ஊர், ஒரே திரை. போனைப் பிடித்துக்கொண்டு நிற்பது நான். மகன் பேசும்போது சத்தம் வராவிட்டால் "மியூட்டை எடுங்க" என்று சொல்வதும் நான்தான். ஒரு நாள் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே தோன்றியது. மறுநாள் சங்கத் தலைவருக்குப் போன் செய்தேன்.

"அக்கா, நான் போன்லயே கூட்டத்துக்கு வந்தா ஒத்துக்குவீங்களா?"

"போன்ல எப்படிம்மா வருவ? பேசத்தான முடியும்."

"மொகமும் தெரியுங்க்கா. உங்களுக்கு நான் தெரிவேன், எனக்கு நீங்க எல்லாரும் தெரிவீங்க."

அவர் ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலை செய்பவர். பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"உன்ன மாதிரி தங்கி வேல செய்யறவங்க இன்னும் ஆறு பேரு இருக்காங்க" என்றார். "எல்லாரும் வரமாட்டாம கெடக்கறாங்க. அவங்களையும் சேத்துக்க. ஒருத்திக்காகன்னா சண்டைக்கு வருவாங்க. ஏழு பேருன்னா யோசிப்பாங்க."

ஆறு பேருக்கும் நானே சொல்லிக்கொடுத்தேன். எழுத்தைப் படிக்கச் சொல்லவில்லை. பச்சையை அமுக்கு, உள்ளே வருவாய். மைக் படத்தில் கோடு இருந்தால் நீ ஊமை. சின்ன வீடியோப் பெட்டி மாதிரிப் படம் இருந்தால் அது கேமரா. இவ்வளவுதான் பாடம். ஒருத்தி முதல் தடவை வந்ததும் சலித்துக்கொண்டாள்.

"ஏன்க்கா, என் மூஞ்சிதான் தெரியுது. இதப் பாக்கவா இத்தன பாடு?"

"உன் மூஞ்சிதான்டி எங்களுக்கும் வேணும். நெத்தி மட்டும் காட்டாம போனக் கீழ எறக்கு."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அய்யாவைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, படுக்கவைத்தேன். பதினொன்றுக்குத் தூங்கிவிடுவார். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பச்சையை அமுக்கினேன்.

முதலில் மாடி அறையின் கூரை தெரிந்தது. பிறகு தலைவரின் மோவாய். பிறகு வரிசையாகப் பெண்கள். எல்லோரும் தலைக்குப் பூ வைத்திருந்தார்கள். ஒன்பது மாதமாகப் பார்க்காத முகங்கள்.

பேர் சொல்லும் முறை வந்தது. நான் சொன்னேன். அறையில் சிரிப்பு.

"ஊமைப் படம் ஓடுதுடி!"

ஆறு பேருக்குப் பாடம் சொன்ன நானே மைக்கை மறந்திருந்தேன். கோட்டை எடுத்துவிட்டு மறுபடி சொன்னேன். அய்யா தூங்குகிறார் என்று மெதுவாகச் சொன்னேன்.

"காதுல விழல" என்று ஒரு குரல் வந்தது.

பெரியக்கா. நாங்கள் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து இருப்பவர். அவர் எழுந்து நின்றார்.

"மண்டி மொஹல்லாவுல இருந்து நடந்து வரேன் நான். முட்டில தண்ணி கோத்துக்கிட்டு இருக்கு. மூணு படிக்கு ஒரு தரம் உக்காந்து உக்காந்து ஏறறேன். இவங்க காத்தாடிக்கு அடில சொகமா உக்காந்துக்கிட்டு வந்தேன்னு சொல்லுவாங்களாம், நீங்க எழுதிக்குவீங்களாம். அப்ப நாளைக்கு எல்லாரும் வீட்லயே இருந்துக்கலாம். இந்த ரூமு எதுக்கு?"

இரண்டு மூன்று பேர் கை தட்டினார்கள்.

"இன்னொண்ணு. போனுக்குப் பின்னால மொதலாளியம்மா நின்னுக்கிட்டு இருந்தா? நம்ம பேசறது பூரா அங்க போய்ச் சேரும். போன்ல வர்றவ நம்ம ஆளா, அவங்க ஆளான்னு எப்படித் தெரியும்?"

"சும்னிரி, சும்னிரி" என்று, பேசாமல் இருக்கச் சொல்லி, தலைவர் கன்னடத்தில் அதட்டினார்.

நான் மைக்கைப் பார்த்துக்கொண்டேன். கோடு இல்லை.

"பெரியக்கா கேக்கறது சரிதானுங்க" என்றேன். "நாங்க ஏழு பேரும் போனச் சுத்திக் காட்டறோம். நாலு செவுரும் பாத்துக்கங்க. யாராச்சும் இருந்தா எங்க பேர அடிச்சிருங்க."

"போன என் கையில குடு" என்று பெரியக்கா தலைவரிடமிருந்து வாங்கிக்கொண்டார். அவர் முகம் திரை முழுக்க வந்தது.

முதலாமவள் சுற்றிக் காட்டினாள். அரிசி மூட்டை, எண்ணெய் டின், நடுவில் அவள். இரண்டாமவள் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள். "இங்கதான்க்கா பேச முடியும்" என்றாள். பெரியக்காவுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். பெரியக்கா சிரிக்கவில்லை. அடுத்தவள் மொட்டை மாடியில் துணிக்கு நடுவே. அவள் பின்னால் ஒரு நாய்.

நாலாமவள் திருப்பியபோது கதவோரம் பட்டுப் புடவையின் ஓரம் தெரிந்தது. நகப்பூச்சுப் போட்ட இரண்டு கால்.

"நிறுத்து" என்றார் பெரியக்கா. "யாரது?"

தலைவர் குனிந்து திரைக்குள் முகத்தை நீட்டினார்.

"நமஸ்காரம்மா. இது மெம்பருங்க கூட்டம். கொஞ்சம் வெளில இருக்கீங்களா?"

கால்கள் அசையவில்லை.

"நாங்க காத்திருக்கறோம்மா" என்றார் பெரியக்கா. அறையில் நாற்பது பெண்கள் பேசாமல் இருந்தார்கள். போனில் நாங்கள் ஆறு பேரும் பேசாமல் இருந்தோம். கால்கள் போயின. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாளை நாலாமவளே போட்டாள். அறையில் எழுந்த கைதட்டலில் போன் அதிர்ந்தது.

"பாத்தீங்களா, நான் சொன்னேன்ல" என்றார் பெரியக்கா. அவருக்கு ஒரே சந்தோஷம். இன்னும் இரண்டு பேரைப் பார்த்தார். கடைசியாக நான்.

"சுத்து. மெதுவா. அதென்ன?"

"அய்யாவோட கட்டிலுங்க."

"நீ எங்க படுப்ப?"

போனைக் கீழே காட்டினேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் பாய். தலைமாட்டில் என் பை. கால்மாட்டில் அய்யாவின் மலம் கழிக்கும் நாற்காலி.

"அங்கயா?"

"ராத்திரி ரெண்டு தரம் திருப்பிப் போடணுங்க. தூரமாப் படுத்தா ஆவாது."

"காத்தாடி?"

"அய்யா பக்கம் இருக்குதுங்க."

பெரியக்கா போனைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தார். அவள் பார்த்துவிட்டு அடுத்தவளிடம் கொடுத்தாள். ஒவ்வொரு முகமாக என் திரையில் பெரிதாக வந்து போயிற்று. ஒருத்தி என்னைப் பார்த்து "சாப்டியா?" என்று மட்டும் கேட்டாள். போன் கடைசி வரிசை வரை போய்த் திரும்பும்வரை நான் அந்தப் பாயையே காட்டிக்கொண்டிருந்தேன்.

தலைவர் ஓட்டுக்கு விட்டார். போனில் வருவது வந்த கணக்கா, இல்லையா. இதற்கு அறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் ஓட்டு என்றார். அது நியாயம். போனைத் திருப்பி அறையைக் காட்டினார். கைகள் எழுந்தன. மூன்று பேர் தூக்கவில்லை. பெரியக்கா வலது கையைத் தூக்கியிருந்தார், இடது கை முட்டியைப் பிடித்திருந்தது.

ஏழு பேரின் பேரும் நோட்டில் ஏறியது. யாருடைய பேரும் அடிபடவில்லை.

முடிந்தது என்று நினைத்தேன். பெரியக்கா உட்காரவில்லை.

"போன்ல வந்தாப் போதுமா?" என்றார். "தங்கி வேல செய்யறவளுக்கு ஞாயித்துக்கெழம அர நாளு லீவு வேணும். சங்கம் வீடு வீடாப் போயிக் கேக்கும். நான் முன்னால வரேன். எழுதும்மா நோட்டுல."

"முட்டி வலிக்குதுன்னியே?" என்றாள் ஒருத்தி.

"அது படிக்கட்டுக்குத்தான்டி வலிக்கும். சண்டைக்குப் போறதுக்கு வலிக்காது."

தலைவர் சிரித்துக்கொண்டே எழுதினார். பிறகு போனைப் பார்த்தார்.

"இதுக்கு உங்களுக்கும் ஓட்டு இருக்கு. போன்ல இருக்கறவங்களும் கையத் தூக்குங்க."

போனைக் கட்டில் காலில் சாய்த்து வைத்தேன். மூட்டைகளுக்கு நடுவில் ஒரு கை. துணிகளுக்கு நடுவில் ஒரு கை. தாழ்ப்பாள் போட்ட அறையில் ஒரு கை. நானும் தூக்கினேன். அய்யா கண் விழித்து என்னைப் பார்த்தார்.

"ஏனம்மா?" என்றார். கன்னடத்தில், என்ன என்று.

"ஓட்டுங்க அய்யா."

அறையில் எண்ணிக்கொண்டு வந்த தலைவர் என்னிடம் வந்ததும் நின்றார்.

"ஏம்மா, ஒரு ஆளுக்கு ஒரு கைதான்."

அப்போதுதான் பார்த்தேன். இரண்டு கையையும் தூக்கியிருந்தேன். ஒன்றை இறக்கிக்கொண்டேன். மற்றதை அவர் எண்ணி முடித்த பிறகும் இறக்கவில்லை.