பஞ்சு அடித்த கை

என் அக்கா வீட்டுக்காரர் ஒரு மீன்பிடிப் படகு கட்டினார். கட்டினார் என்று அவர்தான் சொல்கிறார். மரத்தை அறுத்து, இழைத்து, சட்டம் பூட்டி, ஆணி அடித்தவர் அவருடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதரான தச்சர். மாமா டேப்பின் ஒரு முனையைப் பிடித்தார். அதுவும் ஒரு கையால்தான். இன்னொரு கையில் டீ கிளாஸ். பேச்சு பல்லக்கு, தம்பி பொடிநடை என்பது இவரைப் பார்த்த பிறகு எவரோ சொன்னதாகத்தான் இருக்கும்.

எட்டு மாதம் வீட்டின் பின்பக்கம் இந்தக் கூத்து நடந்தது. துணி காயப்போட இடமில்லாமல் அக்கா மாடிப்படிக் கைப்பிடியில் போட்டாள்.

தச்சருக்கு இது விளையாட்டில்லை. கதவும் ஜன்னலுமாகச் செய்து சலித்துப்போன மனிதர். இந்தப் படகு தேறினால் தங்களுக்கும் செய்யச் சொல்வதாகத் துறைமுகத்து அண்ணன் தம்பி இருவர் சொல்லியிருந்தார்கள். தேறாவிட்டால் ஆயுசுக்கும் ஜன்னல்தான்.

கடைசி வேலை, பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரி அடைப்பது. மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்ததால், தச்சர் அதை மாமாவிடம் விட்டுப் போனார்.

"மெதுவா வைடா. பலகை தண்ணி குடிச்சா ஊதும். அதுக்கு இடம் வேணும்."

அவர் தலை மறைந்ததும் மாமா சுத்தியலை எடுத்து உளி மேல் ஓங்கி ஓங்கி அடித்தார். எட்டு மாதத்தில் அவர் வியர்த்து நான் பார்த்தது அன்றுதான்.

"மெதுவா வைக்கச் சொன்னாரே மாமா?"

"அவன் கெடக்கான் பயந்தாங்கொள்ளி. இனிமே இதுல எறும்புகூட நுழையாது, பாரு!"

தச்சர் திரும்பி வருவதற்குள் மேலே தாரும் பூசியாகிவிட்டது. விசாரித்தவரிடம், "நீ சொன்ன மாதிரியேதான்" என்றார் மாமா. நாக்குக் கூசவில்லை.

தண்ணீரில் இறக்கிய மூன்றாம் நாள் காலை பலகைகள் ஊதின. இடமில்லாமல் ஒன்றையொன்று நெருக்கி, ஒரு பலகை ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டு சட்டத்தை விட்டு விலகியது. படகுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அண்ணன் தம்பி இருவரும் கரையில்தான் நின்றார்கள்.

"நான் அப்பவே சொன்னேன், இவன் அடிச்ச ஆணி பத்தாதுன்னு!" முதல் குரல் மாமாவுடையது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தச்சர் விலகிய பலகையின் இடுக்கில் விரலை விட்டுத் திரியை உருவினார். அது கட்டை மாதிரி இறுகியிருந்தது. அதை அந்த இருவரிடமும் நீட்டினார்.

"தப்பு என்னுதுதான். இவன் கையில உளியக் குடுத்துட்டுப் போனேன்ல."

"பாத்தீங்களா, அவனே ஒத்துக்கிட்டான்!" என்றார் மாமா.

அண்ணன்காரர் திரியை நசுக்கிப் பார்த்தார். மாமாவையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு தச்சரிடம், "எங்க படக எப்ப ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டார்.

"நாளைக்கே."

"காலையில நாங்க ரெண்டு பேரும் வந்துடுறோம்" என்றார் மாமா.

"நான் மட்டும்" என்றார் தச்சர்.

இப்போது அவருக்குப் படகு வேலை ஓய்வதில்லை. அவனுக்குத் தொழில் காட்டிவிட்டதே நான்தான் என்று மாமா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். தச்சர் எங்கள் தெருப் பக்கமே வருவதில்லை.