இல்லாத மாட்டைத் தேடிய மலைமேடு

நார்வேயில் ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்கள் அடுக்குமாடியே காலியாகிவிடும். எல்லாரும் மலைக்கு நடக்கப் போய்விடுவார்கள். அதற்குத் ‘தூர்’ என்று பெயர். விறகுக்கும் இல்லை, புளி உலுக்கவும் இல்லை. போனபடியே வெறுங்கையோடு திரும்பி வருவார்கள்! ஜவ்வாது மலையில் பிறந்த எனக்கு இது பழகவே வருஷக்கணக்காயிற்று. பழகியதும் வாய் சும்மா இருக்கவில்லை. “எங்கள் மலைக்கு வாருங்கள், உச்சியில் புல்வெளி, முழங்கால் போனவர்கூட ஏறிவிடலாம்” என்று என் நார்வேக்கார மாமியார் இங்கிரிடிடம் பீற்றிக்கொண்டே இருந்தேன். அவருக்கோ நிஜமாகவே முழங்கால் போயிருந்தது.

கார்த்திகையில் மழை விட்டதும் என்னோடு எங்கள் ஊருக்கு வந்தேவிட்டார். அந்தப் புல்வெளி மேட்டுக்குப் போவது அகலமான வண்டித்தடம், ஏற்றமே தெரியாது. ஆனாலும் பாதி வழியில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து, “இங்கிருந்தே அழகாகத்தான் இருக்கிறது” என்றார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று தெரிந்தது. இத்தனை வருஷம் அளந்ததெல்லாம் பொய்யாகப் போகிறதே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்துக் கொல்லையில் சாமை அறுத்துக்கொண்டிருந்த பச்சையம்மா என்ற பெண் அதைப் பார்த்துவிட்டு, அரிவாளோடு ஓடிவந்தாள்.

“இன்னாம்மா, மாடு காணாமப் போச்சா?”

“இல்லக்கா, சும்மா நடக்க வந்தோம்.”

“சும்மா எவனாச்சும் மேடு ஏறுவானா? அழுவாத. யோவ், மாடு காணமாம், வாய்யா!”

அடுத்த கொல்லையிலிருந்து அவள் புருஷன் வந்தார். அதற்கடுத்த கொல்லைக்காரர்களும் வந்தார்கள். யார் மாடு என்று ஒருவரும் கேட்கவில்லை. அறுவடையைப் போட்டுவிட்டு மேட்டைப் பார்த்து நடந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் மாமியார் திகைத்துப்போனார். “நம்மிடம் மாடே இல்லையே!”

“சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.”

“நமக்காக அவர்கள் அலைய, நான் உட்கார்ந்திருப்பதா? நானே போய்ச் சொல்கிறேன்” என்று கோலை ஊன்றி எழுந்துவிட்டார். பச்சையம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பேச்சு புரியாமலே இருவரும் பேசிக்கொண்டு, நான் எட்டிப்பிடிப்பதற்குள் உச்சிக்கே போய்விட்டார்கள்.

மேலே கண்ணுக்கெட்டிய வரை புல். மாமியார் என் தோளை இறுக்கிப் பிடித்தார். எனக்குக் கர்வம் தலைக்கேறியது. என் மலை, என் சனம்!

“அட கொடுமையே, புல்லு பாக்கவா வந்தீங்க?” என்று எங்கள் முகத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, மாடு தேடியவர்களைக் கூவி அழைத்தாள் பச்சையம்மா. “உன் வூடு எங்க?”

கிழக்கே, பள்ளத்திலிருந்த எங்கள் ஊரை ஒரு கையை நீட்டிக் காட்டினேன். அந்நேரம் பார்த்து மாமியாரும், “நம் வீடு எந்தப் பக்கம்?” என்றார். வெயிலைப் பார்த்துக் கணக்குப்போட்டு, வடமேற்கே, நார்வே இருக்கும் திசையில், மறு கையை நீட்டினேன்.

“இன்னாம்மா, சோளக்கொல்ல பொம்ம கணக்கா நிக்கிற?” என்றாள் பச்சையம்மா.

எனக்கென்னவோ எந்தக் கையையும் இறக்க மனம் வரவில்லை.